கடல் கடக்கும் மாணாக்கர்

பாலசமுத்திரத்தில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



பழனிமலைத் தொடரின் அடிவாரத்தே, பாளையக்காரர் காலந்தொட்டுப் பெயர்பெற்ற இப்பாலசமுத்திரத்தில், நம்மவர் இத்துணைப் பேர் பிள்ளைகுட்டிகளுடன் ஒருங்கு கூடியிருப்பதைக் காண எம் உள்ளம் குளிர்கின்றது. தண்டாயுதபாணி எழுந்தருளியுள்ள பழனியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு நாடெங்கும் புகழ்பெற்றவர் மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையவர்கள். 1908 இல் தோன்றி 1962 இல் மறைந்த அப்பெருமகனார் இடக்கையால் வாசித்தவர். இடக்கையருக்கு மேடையில் இடம் கொடுக்கப் பலர் தயங்கிய நாளில், தந்தையார் முத்தையா பிள்ளையவர்களிடம் கற்ற வித்தையைத் துணைக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தார். வித்தை உடையவன் செல்லுமிடமெல்லாம் அவன் பெயரும், ஆசிரியன் பெயரும், ஊரின் பெயரும் உடன் செல்லுதல் வேண்டும். இதனை முதற்கண் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். யாம் பின்னர்க் கூறப்போவன யாவும் இதனைச் சுற்றியே அமையும்.

எமக்குப் பணிக்கப்பட்ட பொருள், "நம் மாணாக்கரைக் கல்வியும் கலையும் கருதி அயல்நாட்டிற்கு அழைத்துச் செல்லுதல் தகுமா? தகுமாயின் எவ்வாறு?" என்பது. இது வெறுஞ் சொல்லளவில் நிற்கும் வினா அன்று. நம் சங்கத்தின் வகுப்பில் நாகசுரமும் தவிலும் பரதமும் பயிலும் பிள்ளைகளுள் பன்னிருவரை வெளிநாட்டிற்கு அழைத்துச் செல்ல ஒரு முகவர் முன்வந்திருப்பதும், அதுபற்றி நம்முள் இரு கட்சி ஏற்பட்டிருப்பதும் நீங்கள் அறிந்ததே. ஒரு சாரார், "வீடு தேடி வந்த நற்பேற்றை வாயிலிலேயே திருப்பி அனுப்புவதா?" என்கின்றனர். மற்றொரு சாரார், அவருட் பெரும்பாலோர் தாய்மார், "நம் குலம் பட்டது போதும்" என்கின்றனர். மூதாட்டி ஒருவர் எம்மிடம், "ஊர் என்ன பேசுமோ என்று அஞ்சி என் மகளுக்குச் சலங்கை கட்டாமல் வளர்த்தேன். பேத்தி கட்டினாள், மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அவளை எவரோ ஒருவர் கையில் கொடுத்துக் கடல் தாண்டி அனுப்பச் சொல்கிறீர்களே!" என்று கண்ணீர் மல்கக் கூறினார். அக்கண்ணீருக்கு விடை கூறாமல் இச்சங்கம் எந்தத் தீர்மானமும் செய்தல் தகாது என்பது எம் துணிபு.

முகவர் கொடுத்த தாளை யாம் இருமுறை படித்தோம். பன்னிரண்டு நாளிற் பத்து நிகழ்ச்சிகள். பாஸ்போர்ட்டுகள் அவர் வசமே இருக்கும். பெற்றோர் உடன் வருதல் வேண்டா. வரும் தொகை, "செலவு போக" மிச்சமிருப்பின் பகிரப்படும். பிள்ளைகள் எவ்வூரில் எவரிடம் எதனைக் கற்பர் என்பதற்கு அத்தாளில் ஒரு வரியும் இல்லை. குழந்தைகளின் பெயர்களும் இல்லை; "கலைஞர் 12" என்ற எண்ணிக்கை மட்டுமே உண்டு. அதனைப் படித்தபோது எமக்கு 1838 ஆம் ஆண்டு நினைவிற்கு வந்தது.

அவ்வாண்டு நடந்ததைச் சற்று விரிவாகவே கூறுவோம். கடலூரை அடுத்த திருவந்திபுரம் பெருமாள் கோயிலைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவரும், இசைவாணர் மூவரும், தார்திவெல் என்னும் பிரெஞ்சு நாட்டு வியாபாரி ஒருவரால் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றி ஐரோப்பாவிற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஒப்பந்தம் எழுதியே அழைத்துச் சென்றார். பிரெஞ்சுக்காரர் தம் காதிற்கு எட்டியவாறு எழுதிவைத்த ஒலிகளினின்று நம் பெயர்களை மீட்டுக் கூறுவோமாயின், அம்மகளிர் தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சவுந்தரம், வேதம் என்போராவர். ஆடவர் இராமலிங்கம், சரவணன், தேவநாயகம் என்போராவர். அம்மணிக்கு வயது பதினெட்டளவு. ரங்கமும் சவுந்தரமும் பதின்மூன்று பதினான்கு வயதினர். வேதம் என்னும் குழந்தைக்கு வயது 6 என்று எழுதப்பட்டுள்ளது.

பாரிஸ் மாநகரில் லூயி பிலிப் மன்னர் முன்னிலையில் அவர்கள் ஆடினர். ஆகஸ்டு மாதத்தில் வாரியெத்தே என்னும் நாடக அரங்கிலும், பின்னர் இலண்டன் சென்று அடெல்பி அரங்கிலும் ஆடினர். தியோபில் கோத்தியே என்னும் பெயர்பெற்ற எழுத்தாளர் அவர்கள் தங்கியிருந்த வீட்டிற்கே சென்று பார்த்து எழுதினார். பார் என்னும் சிற்பி அம்மணியின் வடிவத்தை வெண்கலத்தில் வார்த்தார். இவையனைத்தும் பெருமையல்லவா எனின், ஓரளவு பெருமையே. ஆயினும் ஆழ்ந்து நோக்குமிடத்து வேறொன்று புலனாகும். நம்மவர் அந்நாட்டிற் கால் வைப்பதற்கு எட்டாண்டு முன்பே, 1830 இல், பாரிஸ் ஆபரா அரங்கில் "தேவனும் பயதேரும்" என்ற நாட்டிய நாடகம் நடந்திருந்தது. "பயதேர்" என்பது நம் ஆடல் மகளிருக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். ஆகவே நம்மவரைக் காண்பதற்கு முன்னரே அவர்களைப் பற்றிய ஒரு கற்பனையை அந்நகரத்தார் வரைந்து வைத்திருந்தனர். உண்மையான நம் மகளிர் மேடையேறியபோது, அக்கற்பனைக்கு இவர்கள் பொருந்துகின்றனரா என்றே பலர் அளந்து பார்த்தனர். மேனி நிறத்தையும் மூக்கணியையும் ஆடையையும் பத்திரிகைகள் பத்தி பத்தியாக வருணித்தன. எவரிடம் கற்றார்கள், எந்த அடைவிற்கு என்ன பெயர், பாட்டின் பொருள் யாது என்று அவர்களையே ஆசிரியராக அமர்த்திக் கேட்டுக் கற்கும் ஏற்பாடு அப்பயணத்தில் இல்லை. காட்சிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கல்விக்குக் கொண்டு செல்லப்படவில்லை. அவர்கள் பெயரைக்கூட நாம் இன்று மீட்டெடுத்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

இஃது நம் குலத்திற்கும் நம் நாட்டிற்கும் மட்டுமே நேர்ந்த குறை என்று எவரும் எண்ணற்க. வெள்ளையர் பிள்ளைகளுக்கும் நேர்ந்தது. அதுவும் நம் சென்னைப் பட்டினத்திலேயே வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவில் பொலார்டு குடும்பத்தார் சிறுவரைக் கொண்டே இசை நாடகம் நடத்தும் கம்பெனி ஒன்றை நெடுநாள் நடத்திவந்தனர். அக்குடும்பத்து ஆர்தர் பொலார்டு என்பவர் 1909 இல் ஏறக்குறைய 30 சிறுவர் சிறுமியரை அழைத்துக்கொண்டு கீழ்த்திசை நாடுகளைச் சுற்றி இந்தியாவிற்கு வந்தார். பெற்றோர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டே அனுப்பியிருந்தனர். 1910 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்கூட்டம் சென்னைக்கு வந்தபோது, தாங்கள் கொடுமையாக நடத்தப்படுவதாகப் பிள்ளைகளே வாய் திறந்தனர். ஊரார் தலையிட்டனர். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பிள்ளைகள் தாய்நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டிலேயே ஆஸ்திரேலியப் பாராளுமன்றம், ஒப்பந்தத்தின் பேரில் சிறுவரை வெளிநாட்டிற்குக் கொண்டு செல்வதைக் கட்டுப்படுத்திக் குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. இதினின்று நாம் அறிய வேண்டுவது யாது? தந்தையின் கையெழுத்து மட்டும் குழந்தைக்குக் காவல் ஆகாது. அன்னிய நாட்டில், தன் மொழி தெரியாதார் நடுவில், தன்னை அழைத்து வந்தவன் மீதே குறை கூற வேண்டிய நிலை வருமாயின், அக்குழந்தை எவரிடம் செல்லும்? இவ்வினாவிற்கு விடை எழுதாத எந்தத் திட்டமும் திட்டமன்று.

நிற்க. பயணம் என்றாலே கேடு என்பது எம் கருத்தன்று. சென்னைக் கூட்டம் பிரிந்த மறு ஆண்டே, 1911 இல், அதே சென்னையிலிருந்து மற்றொரு கூட்டம் கடல் கடந்தது. 1891 இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பரும் நிறுவிய சுகுண விலாச சபையார் இலங்கைக்குச் சென்று நாடகமாடினர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914 இலேயே. அதற்கு முன் கொழும்பு செல்வோர்க்குத் தூத்துக்குடியே துறை. அச்சபையார் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஆகிய கல்விமான்கள், கூலிக்கு ஆடியவரல்லர், தம் கணக்கைத் தாமே வைத்துக்கொண்டவர். அவர்கள் ஆடிச் சென்றதோடு அப்பயணம் முடிந்துவிடவில்லை. அவர்தம் நாடகங்களால் ஊக்கம் பெற்ற இலங்கைத் தமிழர், 1913 இல் கொழும்பில் இலங்கா சுபோத விலாச சபை என்னும் நாடக சபையைத் தொடங்கினர். கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் சம்பந்த முதலியாரைத் தம் குருவாகப் போற்றி, ஈழத்து நாடகத்தை நெடுங்காலம் வளர்த்தார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கள். 1838 இன் பயணம் ஐரோப்பாவில் ஒரு வெண்கலப் பாவையை விட்டுச் சென்றது. 1911 இன் பயணம் இலங்கையில் ஒரு சபையைத் தோற்றுவித்தது. முன்னது அழகுடையதே; ஆயினும் பேசாது. பின்னது பேசிற்று, பிள்ளைகளைப் பயிற்றிற்று. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கலையின் தரமன்று. தில்லையம்மாளின் கலை எவர்க்கும் குறைந்ததன்று. பயணத்தின் கடிவாளம் எவர் கையில் இருந்தது என்பதே காரணம்.

அக்கடிவாளம் நம்மவர் கைக்கு வந்த காலமும் உண்டு. வீணை தனம்மாளின் பேரர் புல்லாங்குழல் விசுவநாதன் அவர்கள் 1958 இல் அமெரிக்காவிற்குச் சென்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். அவர்தம் தமக்கையார் பாலசரசுவதி அம்மையார் 1961 இல் தோக்கியோ நகரத்தில் நடந்த கீழை மேலை இசைச் சந்திப்பிலும், 1962 இல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸ் பில்லோ நாட்டிய விழாவிலும் ஆடினார். மற்றொரு தம்பியாராகிய மிருதங்கம் ரங்கநாதன் அவர்கள் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். அந்நாட்டு மாணாக்கர் இவர்கள் காலடியில் இருந்து பதமும் கோர்வையும் கற்றனர். 1838 இல் நம் பெண்ணின் மூக்கணியைப் பார்த்த மேலைநாட்டார், 1962 இல் நம் பெண்ணின் அபிநயத்தைப் படித்தனர். இடையில் 124 ஆண்டுகள் சென்றன. தம் பாட்டை, தம் பக்கவாத்தியக்காரரை, தம் மேடை ஒழுங்கைத் தாமே தெரிந்துகொண்டு சென்றமையாலேயே அம்மையாருக்கு அம்மதிப்புக் கிடைத்தது.

தாய்மார்களே! மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் நம் பெண்களின் இழிநிலை நீங்கப் பாடுபட்டதையும், 1947 இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அதன்பின் பல வீடுகளிற் சலங்கை பெட்டிக்குள் சென்றது. அவ்வச்சத்தை யாம் பழிக்கமாட்டோம். அது பட்டறிவினின்று பிறந்தது. ஆயினும் அச்சம் எதன்மேற் செல்ல வேண்டும் என்பதைத் தெளிதல் வேண்டும். சலங்கை நமக்குத் தீங்கு செய்யவில்லை, கடலும் செய்யவில்லை. நம் பிள்ளையின் மேல் உரிமையை, அவளுக்கு உறவல்லாத ஒருவர் கையில் எழுதிக் கொடுத்ததே தீங்கு செய்தது. அதனை எக்காலும் எழுதிக் கொடோம் என்று உறுதி செய்துகொண்டபின், சலங்கையைப் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டுவதில்லை.

பிள்ளைகளைத் தொலைவிற்கு அனுப்புதல் புதுமையும் அன்று. நாம் நிற்கும் இவ்வூரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடரின் மேல்தான் கோடைக்கானல் உள்ளது. அங்கே 1901 இல், அமெரிக்கப் பாதிரிமார் தம் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினர். இன்று அது கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி என வழங்குகின்றது; பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கிக் கற்கின்றனர். அப்பெற்றோர்க்கு மட்டும் பிள்ளைப் பாசம் குறைவோ? இடம், ஆசிரியர், காவல், விடுமுறை, மருத்துவம் ஆகிய அனைத்தையும் முன்னரே ஒழுங்கு செய்தமையால் அவர்களால் அனுப்ப முடிந்தது. அவ்வொழுங்கையே நாமும் செய்வோம்.

இனி, நம் சங்கம் மேற்கொள்ள வேண்டும் என்று யாம் கருதும் திட்டத்தைக் கூறுகின்றோம்.

முதலாவது, இடம். முகவர் காட்டும் தொலைநாட்டை விடுத்து, முதற் பயணத்தை யாழ்ப்பாணத்திற்கு அமைத்துக்கொள்வோம். அங்கே நம் மொழியே பேசுவர். நாகசுரத்தைக் கோயில்தோறும் போற்றுவர். நம் நாட்டு வித்துவான்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சென்று வாசித்தனர். சிலர் அங்கேயே தங்கிக் குடும்பம் தழைத்தனர். யாழ்ப்பாணத்திற் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி அவர்கள் தமிழகத்து வித்துவான்களும் வியக்குமாறு வாசித்ததை முதியோர் மறந்திரார். சர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரால் விளங்கும் நுண்கலைப் பீடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. 2019 இல் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிற்று. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அது நிற்பதுண்டு ஆகலின், நாள் குறிக்குமுன் விசாரித்தல் வேண்டும். இப்பயணம் நன்கு முடியுமாயின், அடுத்த முறை சிங்கப்பூர், பினாங்கு ஆகிய ஊர்களை நினைப்போம். சிங்கப்பூரில் 1859 இல் நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலும், 1949 இல் தோன்றிய இந்திய நுண்கலைக் கழகமும் உள்ளன. பழனிப் பிள்ளைகளுக்கு அங்கே வேற்றூர் என்ற உணர்வு பெரிதும் தோன்றாது.

இரண்டாவது, கல்வி. பத்து நாட் பயணமாயின் மேடை நிகழ்ச்சி மூன்றிற்கு மேற் கூடாது. காலையில் அங்குள்ள ஆசிரியரிடம் நம் பிள்ளைகள் கற்கட்டும். பிற்பகலில் அங்குள்ள பிள்ளைகளுக்குத் தாம் அறிந்ததைக் காட்டட்டும். ஈழத்து நாட்டுக்கூத்தின் தாளக்கட்டும் ஆட்ட முறையும் நம் தெருக்கூத்தினின்று எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று கண்டு குறிப்பெழுதட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தான் ஆடுவதையோ வாசிப்பதையோ பற்றி, இயற்றியவர் யார், இராகமும் தாளமும் யாவை, தன் ஆசிரியர் யார் என்று அவை நடுவே தன் வாயாற் சில நிமிடம் பேசப் பழகுதல் வேண்டும். 1838 இல் நம்மவரைப் பற்றி மற்றவரே பேசினர். இனி நம் பிள்ளைகள் தம்மைப் பற்றித் தாமே பேசட்டும்.

மூன்றாவது, காவல். பதினான்கு வயதிற்குட்பட்ட சிறார் வணிக நோக்குள்ள கலை நிகழ்ச்சிகளிற் பங்கு கொள்வது பற்றி, நம் நாட்டில் 2017 ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. நாளொன்றுக்கு ஐந்து மணிக்கு மேற் கூடாது. ஓய்வின்றி மூன்று மணிக்கு மேற் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவரேனும் பொறுப்பாளர் இருத்தல் வேண்டும். பிள்ளையின் விருப்பத்திற்கு மாறாக ஈடுபடுத்தல் ஆகாது. வருவாயில் நூற்றுக்கு 20 பங்கேனும் பிள்ளையின் பெயரால் வங்கியில் நிரந்தர வைப்பாக இடுதல் வேண்டும். நம் பயணம் வணிகப் பயணம் அன்று. எனினும் இவ்விதிகளுக்குக் குறைந்த ஒழுங்கை நாம் ஏற்கலாகாது. பன்னிரு பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் நால்வர் செல்லட்டும். அவருள் இருவர் தாய்மார் ஆகட்டும். முன்னர்க் கூறிய மூதாட்டியார் இசைவாராயின், அவரையே முதலில் அழைப்போம்.

நான்காவது, பத்திரங்கள். வயது நிரம்பாத பிள்ளையின் பாஸ்போர்ட்டிற்குப் பெற்றோர் இருவரது இசைவுப் பத்திரம் வேண்டும். அது பொதுவாக ஐந்தாண்டிற்கோ, பதினெட்டு வயது நிறையும் வரைக்கோ, எது முந்தியதோ அதுவரை செல்லும். புறப்படும் நாளில் அதற்கு இன்னும் ஆறு மாதமேனும் ஆயுள் இருத்தல் நலம். மருத்துவக் காப்பீடு இன்றி ஒரு பிள்ளையும் கப்பலேறலாகாது. பாஸ்போர்ட்டுகளை நம் பொறுப்பாளரே வைத்திருத்தல் வேண்டும். முகவரோ, அழைத்தவரோ, விடுதிக்காரரோ வாங்கி வைத்துக்கொள்ளலாகாது. பிரதி ஒன்று ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இருக்கட்டும். வீட்டுத் தொலைபேசி எண்ணையும், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தின் எண்ணையும் பிள்ளைகள் தாளமொழி போல் மனப்பாடம் செய்யட்டும். இதுவே யாம் முன்னர்க் கேட்ட வினாவிற்கு விடை. அழைத்துச் செல்பவர் மீதே குறை கூற நேரினும், அப்பிள்ளைக்கு ஒரு வாயில் திறந்திருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, வாத்தியங்கள். புறப்படுமுன் அவற்றின் பட்டியலைச் சுங்க அலுவலரிடம் காட்டிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது வரி பற்றிய வழக்கு எழாது. உடும்புத் தோல் போர்த்த கஞ்சிராவை எவரும் கொண்டு செல்லற்க. உடும்பு 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அதன் தோலைக் கடல் கடத்துதல் குற்றம். ஆட்டுத்தோற் கஞ்சிராவே போதும். நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022 இற் புவிசார் குறியீடு பெற்றது. அதனை இயக்கும் சீவாளியோ சிறு நாணற் பொருள். வறண்ட காற்றில் வெடிக்கும். குளிர்ப்பதன அறையில் இறுகும். ஆகலின் ஒருவருக்கு ஆறு சீவாளியேனும் கையிருப்பு வேண்டும். ஈரக்காற்றில் தோற்கருவிகளின் சுருதி தளரும் ஆகலின், நிகழ்ச்சிக்கு ஒரு மணி முன்னரே தவிலை வார்பிடித்துச் சரிசெய்ய நேரம் ஒதுக்குதல் வேண்டும். ஆடும் பெண்களுக்கு மேடை மரத்தளமா, சிமெண்டுத் தளமா என்று முன்னரே கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். கற்றளத்தில் நாள்தோறும் தட்டினால் முழங்காலுக்குக் கேடு.

ஆறாவது, பணம். எந்தத் தாயும் தாலியை அடகு வைத்துத் தன் பிள்ளையை இப்பயணத்திற்கு அனுப்பலாகாது. பணமுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் செல்லுமாயின், அது சங்கத்தின் பயணம் ஆகாது. தேர்வு வித்தையாலும் ஒழுக்கத்தாலும் அமையட்டும். செலவைச் சங்கம் திரட்டட்டும். கோயில் திருவிழாவிலும் கலியாணத்திலும் வாசிக்கும் நம் வித்துவான்கள் ஆண்டிற்கு ஒரு நாட் சம்பாவனையை இந்நிதிக்குத் தருவாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும். வரவு செலவுக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் உரக்கப் படித்து, நம் இதழில் அச்சிடுதல் வேண்டும். "செலவு போக" என்ற சொல் நம் கணக்கில் எங்கும் வருதல் ஆகாது. ஒவ்வொரு செலவும் தன் பெயராலேயே எழுதப்படல் வேண்டும்.

ஏழாவது, திரும்புதல். பயணம் அக்கரையில் முடிவதன்று. இக்கரைக்கு மீண்டு வந்து, கற்றதைக் கல்லாதவர்க்குக் கொடுத்த நாளிலேயே முடிகின்றது. செல்லும் பன்னிருவரும் மீண்டபின் ஓராண்டுக் காலம், கிழமைக்கு ஒரு நாள், செல்லாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும் என்று முன்னரே இசைவு பெறுவோம். அடுத்த ஆண்டில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை இங்கே அழைத்து, பழனியில் ஆண்டவன் தரிசனம் செய்வித்து, நம் வீடுகளிலேயே தங்கவைத்துக் கற்பிப்போம். வரவேற்கத் தெரியாதவர்க்கு விருந்து செல்லும் தகுதி இல்லை.

இவை யாவும் ஓராண்டு உழைப்பை வேண்டுவன. முகவரின் தாளில் இன்று கையெழுத்திட்டால் மூன்று மாதத்திற் புறப்படலாம் என்பது மெய்யே. ஆயினும் அத்தாளை நன்றியுடன் திருப்பிவிட வேண்டும் என்று யாம் முன்மொழிகின்றோம். முகவர் தீயவர் என்று யாம் கூறவில்லை. அவர் தொழில் அது. நம் பிள்ளைகளின் பொறுப்பு அவர் தொழில் அன்று; நம் கடமை. பயணச்சீட்டு வாங்கவும் விடுதி ஏற்பாடு செய்யவும் அவர் துணை வேண்டின், அதற்குரிய கூலியைக் கொடுத்துப் பெற்றுக்கொள்வோம். பிள்ளையின் மேலுள்ள உரிமையைக் கூலியோடு சேர்த்துக் கொடோம்.

முடிவாக ஒன்று. நம் பிள்ளைகள் அயல்நாட்டு மேடையில் ஏறும் நாளில் அச்சிடப்படும் நிகழ்ச்சித் தாளில், ஒவ்வொரு பிள்ளையின் முழுப்பெயரும், தாய் தந்தை பெயரும், ஆசிரியர் பெயரும், பாலசமுத்திரம் என்ற ஊர்ப்பெயரும், பிழையின்றித் தமிழெழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் தலைப்பில், 1838 இல் நமக்கு முன் கடல் கடந்த தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சவுந்தரம், ஆறு வயதுக் குழந்தை வேதம், இராமலிங்கம், சரவணன், தேவநாயகம் ஆகிய எண்மரின் பெயர்களையும் அச்சிடுவோம். அவர்கள் தனியே சென்றனர்; நம் பிள்ளைகள் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.

பழனியாண்டவன் திருவருள் முன்னிற்க. நம் பிள்ளைகள் நலமே சென்று, நலமே மீள்க.